வாயிலில் நின்ற பிள்ளைகள்

கல்விக்கூடம் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர், அதை நிறுவியவரின் பெருமையிலிருந்து தொடங்குவதே வழக்கம். அவர் எத்தகைய கொள்கையினர், அடிக்கல் நாட்டியவர் யார், அங்கே பயின்று புகழ் பெற்றோர் எவரெவர் என்று அவ்வரலாறு வளர்ந்து செல்லும். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும், உள்ளே சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களைப் பற்றி மட்டுமே பேசும் வரலாறு பாதி வரலாறுதான். விண்ணப்பத்தோடு வாயில்வரை வந்து, 'இடமில்லை' என்ற ஒரு சொல்லோடு திரும்பிச் சென்ற பிள்ளைகளும் அப்பள்ளியின் வரலாற்றைச் சேர்ந்தவர்களே. ஆண்டு மலர்களில் அவர்களுடைய படம் இராது. பரிசளிப்பு விழாவில் அவர்களுடைய பெயர் ஒலிக்காது. ஆனால், ஒரு பள்ளி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கொள்கை எவ்வளவு தூரம் மெய்யானது என்பதை அவர்களைக் கொண்டே நாம் அளக்க முடியும்.

மயிலாப்பூர்த் தெப்பக்குளத்திலிருந்து அடையாற்றின் கழிமுகம் வரையிலும், மேற்கே தேனாம்பேட்டை, தியாகராயநகர் வரையிலும் விரிந்து கிடக்கும் தென்சென்னைப் பகுதி, இத்தகைய ஆராய்ச்சிக்கு ஏற்ற நிலம். கல்வியில் புதுமை காண விழைந்தோர் பலர் ஏறத்தாழ 130 ஆண்டுகளாக இங்கே பள்ளிகளையும் உண்டுறை விடுதிகளையும் நிறுவியிருக்கின்றனர். அவர்களுடைய வாயில்களில் யார் நுழைந்தார், யார் நின்றார் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். இது பிறர் குறை காணும் முயற்சி அன்று. இன்று நம் சமுதாயமும் பள்ளிகளை நடத்துகிறது, விடுதிகளை நடத்துகிறது. ஒரு காலத்தில் வாயிலில் நின்ற நாம், இன்று வாயிலைக் காப்பவர்களாகவும் ஆகியிருக்கிறோம். ஆகவே இவ்வரலாறு நமக்குப் படிப்பினை தரவல்லது.

சேர்க்கை மேசை

பள்ளியில் மாணவரைச் சேர்க்கும் பணியை நாம் எழுத்தர் வேலை என்று எளிதாக எண்ணிவிடுகிறோம். விண்ணப்பத்தை வாங்குவது, பிறப்புச் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் சரிபார்ப்பது, சேர்க்கைப் பதிவேட்டில் வரிசை எண் இட்டுப் பெயர் எழுதுவது என்ற அளவில் அது எழுத்தர் வேலைதான். ஆனால், உண்டுறைப் பள்ளியில், அதிலும் பழைய முறைகளை உதறிப் புதுவழி காண விரும்பும் பள்ளியில், அம்மேசையில் அமர்ந்திருப்பவர் செய்யும் பணி வேறு. கட்டில்கள் எண்ணி வைக்கப்பட்டவை. ஓர் ஆசிரியருக்குச் சில பிள்ளைகளே என்பது அத்தகைய பள்ளியின் உயிர்நாடி. எனவே ஒரு பிள்ளையைச் சேர்ப்பது என்பது வேறு பல பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது என்றும் பொருள்படும். பள்ளியின் தத்துவத்தை ஆசிரியர் வகுப்பறையில் விளக்குகிறார். அத்தத்துவம் யாருக்கு உரியது என்பதைச் சேர்க்கை மேசையே தீர்மானிக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பழைய முறைப் பள்ளிகள் நுழைவுத் தேர்வு வைத்தன, மதிப்பெண் பார்த்தன. புதுமைப் பள்ளிகள், 'குழந்தைக்குத் தேர்வு வைப்பது கொடுமை' என்று கூறி அதை ஒழித்தன. நல்லதே. அதன் இடத்தில், குழந்தையை விளையாடவிட்டுப் பார்ப்பதும், பெற்றோரை அழைத்து உரையாடுவதும் வந்தன. கல்வியைப் பற்றி உங்கள் எண்ணம் என்ன, பிள்ளையைப் போட்டியின்றி வளர்ப்பதில் உங்களுக்கு உடன்பாடா என்று பெற்றோரிடம் கேட்கப்படுகிறது. இக்கேள்விக்கு அழகாக, அதுவும் ஆங்கிலத்தில் விடை சொல்லக்கூடியவர் யார்? ஏற்கெனவே கல்வி கற்ற பெற்றோரே. எழுத்தறியாத தாய் ஒருத்தி, 'என் பிள்ளை படிக்க வேண்டும்' என்பதற்கு மேல் என்ன சொல்லுவாள்? தேர்வில் இருந்த பாகுபாடு மதிப்பெண்ணாகக் கண்ணுக்குத் தெரிந்தது. உரையாடலில் உள்ள பாகுபாடு, பாகுபாடு காட்டுபவர் கண்ணுக்கே தெரிவதில்லை. வரலாற்றின் பக்கங்களைப் புரட்டும்போது இவ்வுண்மை மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகிறது.

அடையாற்றில் இரு வாயில்கள்

பிரும்ம ஞான சபையின் தலைமை நிலையம் 1882-ஆம் ஆண்டின் இறுதியில் அடையாற்றுக்கு வந்தது. இனம், சமயம், பால், சாதி, நிறம் என்னும் வேற்றுமை பாராத மானுடச் சகோதரத்துவம் அச்சபையின் முதற் குறிக்கோள். அதன் தலைவரான கர்னல் ஆல்காட் என்னும் அமெரிக்கர், தம் தோட்டத்தைச் சுற்றிலும் உள்ள குப்பங்களிலும் சேரிகளிலும் வாழ்ந்த மக்களின் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளியும் வாயில் திறக்கவில்லை என்பதைக் கண்டார். அக்காலத்தில் பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டிருந்த அம்மக்களுக்காக, 1894-இல் அடையாற்றில் ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். தொடர்ந்து கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை ஆகிய இடங்களிலும் பள்ளிகள் தோன்றின. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் இடப்பட்டது. 1907-இல் ஆல்காட் மறைந்தபோது இத்தகைய பள்ளிகள் ஐந்து இருந்தன. அமெரிக்காவிலிருந்து வந்த ஆசிரியைகள், மேல்நாட்டில் அன்று புதிதாகப் பரவிவந்த குழந்தைத் தோட்ட முறையை இச்சேரிப் பிள்ளைகளுக்கென்றே கையாண்டனர். சென்னையின் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பலர் பிரம்படியோடு மனப்பாடம் செய்துகொண்டிருந்த காலம் அது என்பதை நினைவிற்கொண்டால், இதன் அருமை விளங்கும்.

ஆல்காட்டுக்குப் பின் சபைத் தலைமை அன்னி பெசன்ட் அம்மையாரிடம் வந்தது. இந்திய விடுதலைக்கும் கல்விக்கும் அம்மையார் ஆற்றிய தொண்டு மறுக்க முடியாதது. எனினும், ஒடுக்கப்பட்டோர் முன்னேற்றம் குறித்து 1909-ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று இவ்வரலாற்றில் ஒரு கருநிழலாக விழுந்திருக்கிறது. அப்பிள்ளைகளைப் பிற வகுப்புப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்ப்பது உடனடியாக ஆகக்கூடியதன்று; அவர்களுடைய உணவும் உடல் தூய்மையும் பழக்கவழக்கங்களும் முதலில் சீர்பட வேண்டும்; அதுவரை தனிப் பள்ளிகளே தக்கவை என்னும் கருத்தை அம்மையார் அதில் வற்புறுத்தினார். டாக்டர் அம்பேத்கர் 1945-இல் வெளியிட்ட நூலில் இக்கட்டுரையை விரிவாக எடுத்துக்காட்டினார். தனக்கு நண்பர் என்று எண்ணியவரிடமிருந்தும் ஒடுக்கப்பட்டோர் பெற்றது என்ன என்பதற்கு அவர் அதைச் சான்றாக்கினார்.

அன்னி பெசன்ட் 1933-இல் மறைந்தார். அவர் நினைவாக 1934-ஆம் ஆண்டில் அடையாற்றில் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் ஒரு பள்ளியை நிறுவினர். சங்கர மேனன் அதன் தலைமையாசிரியரானார். ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்தல், இசையும் கலையும் பாடத்தின் பகுதியாதல், அச்சமின்றி ஆசிரியரோடு பழகுதல் என்பவை அக்காலச் சென்னைக்கு வியப்பூட்டும் புதுமைகள். 1939-ஆம் ஆண்டின் இறுதியில் மரியா மாண்டிசோரி அம்மையாரும் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் முந்நூறு பேர் அளவுக்கு அப்பயிற்சிக்கு வந்து கூடினர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி எதிரி நாடாகிவிட்டதால் அம்மையார் 1946 வரை இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது. நம் நாட்டில் அவருடைய முறை வேரூன்றியதும் அதனாலேயே.

அந்த மாண்டிசோரி முறை பிறந்த இடம் எது? 1907-ஆம் ஆண்டில், ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குச் சென்றுவிட, தெருவில் திரிந்த பிள்ளைகளே அதன் முதல் மாணவர்கள். அடையாற்றிலும் புதுமுறைக் கல்வி சேரிப் பிள்ளைகளிடமே முதலில் வந்தது. ஆனால், இரண்டு இடங்களிலும் தொடங்கியது ஒன்று, நாளடைவில் நிகழ்ந்தது வேறொன்று. இன்று நம் நகரங்களில் மாண்டிசோரி என்ற பெயர்ப்பலகையைக் கண்டால், ஏழைத் தொழிலாளி அதைத் தன் பிள்ளைக்குரிய இடமென்று நினைப்பதில்லை. அடையாற்றில் ஆல்காட் திறந்த வாயிலும், பிற்காலத்தில் திறந்த வாயில்களும் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தொலைவிலேயே இருந்தன. ஆயினும் ஒரு வாயிலில் சேர்ந்த பிள்ளை மறு வாயிலில் சேர்வதென்பது எளிதாக இருந்ததில்லை.

வெளியே நிறுத்தப்பட்ட சிறுவன்

அடையாற்று வரலாற்றில் மற்றொரு செய்தி உண்டு. 1909-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஓய்வு பெற்ற வருவாய்த் துறை ஊழியரான நாராயணய்யா, தாயில்லாத தம் பிள்ளைகளோடு அடையாற்றுக்கு வந்து குடியேறினார். அவருடைய பிள்ளைகள் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கு நடந்து சென்றனர். அவர்களுள் ஒருவன் எப்போதும் கனவில் ஆழ்ந்தவன் போல் இருப்பான். பாடம் ஏறாது. ஆசிரியர் அடிப்பார், வகுப்பிலிருந்து வெளியேற்றித் தாழ்வாரத்தில் நிறுத்துவார். அச்சிறுவன்தான் பிற்காலத்தில் உலகெங்கும் அறியப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தி.

பிரும்ம ஞான சபையார் அவரைத் தத்தெடுத்தாற்போல் வளர்த்து இங்கிலாந்துக்கு அனுப்பினர். அங்கும் பள்ளிப் படிப்பு அவருக்குக் கைகூடவில்லை. ஆக்ஸ்போர்டில் சேர்க்க முயன்றனர், இடம் கிடைக்கவில்லை. இலண்டன் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வை மீண்டும் மீண்டும் எழுதியும் அவர் தேறவில்லை. இவ்வாறு கல்விக்கூடங்களால் தள்ளப்பட்டவரே, மதனப்பள்ளிக்கு அருகில் ரிஷி வேலி உண்டுறைப் பள்ளி தோன்றுவதற்கும், 1973-இல் சென்னையில் 'தி ஸ்கூல்' என்ற பெயரில் ஒரு பகல் பள்ளி தோன்றுவதற்கும் காரணராக இருந்தார். ஒப்பீடும் போட்டியும் அச்சமும் இல்லாத கல்வி என்பது அவற்றின் கொள்கை.

இவ்வரலாறு சேர்க்கை மேசையில் இருப்போர் ஒவ்வொருவரையும் சிந்திக்க வைக்க வேண்டும். பேசாது விழித்துக்கொண்டு நிற்கும் ஒரு சிறுவன், கலைந்த ஆடையும் மெலிந்த உடலுமாக இன்று ஒரு நேர்காணலுக்கு வந்தால், நாம் அவனைச் சேர்த்துக்கொள்வோமா? அவன் தகப்பனாரிடம், 'உம் மகன் இங்கே பொருந்தமாட்டான்' என்று அன்பாகவே சொல்லி அனுப்பிவிடுவோமா?

ஐஸ் ஹவுஸின் நிபந்தனை

இனி மயிலாப்பூர்ப் பக்கம் வருவோம். 1905-ஆம் ஆண்டில் இராமகிருஷ்ண மடத்துத் துறவியான சுவாமி இராமகிருஷ்ணானந்தரின் தூண்டுதலால் ஆதரவற்ற சில சிறுவர்களோடு தொடங்கிய மாணவர் இல்லம், 1921-இல் மயிலாப்பூரில் சொந்தக் கட்டிடம் பெற்றது. அங்கே இடம் பெறுவதற்கு முதல் தகுதி வறுமை. பணம் செலுத்தக்கூடியவனுக்கு இடமில்லை என்பதே அதன் விதி. விடுதிச் சேர்க்கையைப் பற்றி எண்ணுவோர் இவ்விதியை மனத்திற் கொள்ளத்தக்கது.

அதே காலத்தில், 1886-இல் பிறந்த இரு பெண்மணிகள் இந்நகரில் இரு வேறு வாயில்களைத் திறந்தனர். ஒருவர் சகோதரி சுப்புலட்சுமி. குழந்தைப் பருவத்திலேயே கைம்மை அடைந்த இவர், தலையை மழித்து மூலையில் அமர்த்தும் வழக்கத்துக்கு ஆட்படாமல் தந்தையாரின் ஆதரவோடு படித்து, 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தம்மைப் போன்ற இளங் கைம்பெண்கள் நால்வரைத் தம் இல்லத்திலேயே வைத்துக் கல்வி புகட்டத் தொடங்கினார். அது அரசின் உதவியோடு வளர்ந்து, கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் எனப்படும் பழைய கட்டிடத்தில் பெரியதோர் உண்டுறை இல்லமாயிற்று. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க எழுப்பப்பட்ட அக்கட்டிடத்தில், பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் இடமிழந்த சிறுமியர் ஆசிரியைகளாக உருவாயினர்.

அவ்வில்லத்தின் வாயிலில் ஒரு நிபந்தனை இருந்தது. பிராமண குலத்துக் கைம்பெண்களுக்கு மட்டுமே இடம் என்பதே அது. இன்றைய கண்ணோட்டத்தில் இது நமக்கு உறுத்துகிறது. ஆனால், அக்கால நிலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசாரம் மிகுந்த அக்குடும்பங்கள், தங்கள் பெண் பிற குலத்தாரோடு அமர்ந்து உண்பாள் என்று அறிந்தால் அவளை வெளியே அனுப்பியிருக்கமாட்டா. சிலருக்கேனும் வாயில் திறக்க வேண்டுமானால் அதைக் குறுகலாகவே திறக்க வேண்டும் என்னும் இக்கட்டு அங்கே இருந்தது. சுப்புலட்சுமி அக்குறுகிய வாயிலோடு நின்றுவிடவில்லை. வயது கடந்த பெண்களுக்காக 1927-இல் சாரதா வித்யாலயத்தை அமைத்தார். அது 1938-இல் இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டுத் தியாகராயநகரில் வளர்ந்தது. அருகிலிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளின் படிப்பிலும் அவர் கருத்துச் செலுத்தினார். குறுகிய வாயிலைத் திறப்பவர், அதைப் பின்னர் அகலப்படுத்த முயன்றாரா என்பதைக் கொண்டே அவரை மதிப்பிட வேண்டும். அவ்வகையில் சுப்புலட்சுமி நம் மதிப்புக்குரியவர்.

தந்தை பெயர் என்னும் கட்டம்

மற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய வாழ்வே சேர்க்கை மறுப்புகளோடு நடத்திய போராட்டம் எனலாம். புதுக்கோட்டையில் பிறந்த அவர், மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, பெண் பிள்ளை ஆண்களின் கல்லூரியில் படிப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. அவருடைய தாயார் இசை வேளாளர் குலத்தவர் என்பதும் பலர் வாயில் விழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு இடம் தந்தார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912-இல் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோயில்களில் சிறுமியரைப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்க அங்கே அவர் போராடியது நாடறிந்த செய்தி. முஸ்லிம் மாணவியர் தங்கிப் படிக்க விடுதி வேண்டும் என்றும் அவர் பாடுபட்டார் என்பதை நம் சமுதாயம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

1930-ஆம் ஆண்டில், தேவதாசிக் குலத்துச் சிறுமியர் சிலர் அவ்வாழ்க்கை வேண்டாமென்று உதறிவிட்டு அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினர். அம்மையார் அவர்களை நகரத்து விடுதிகளில் சேர்க்க முயன்றார். விடுதிகள் அன்று சாதிவாரியாக இருந்தன. பிராமணர் விடுதி மறுத்தது. பிராமணர் அல்லாதார் விடுதியும் மறுத்தது. தேவதாசி முறை கூடாது என்று மேடையில் பேசியோர் பலர் உண்டு. அம்முறையிலிருந்து தப்பி வந்த சிறுமிக்குத் தங்கள் பெண்ணின் கட்டிலுக்கு அருகில் ஒரு கட்டில் போட முன்வந்தவர் இல்லை.

பள்ளிப் பதிவேட்டில் மாணவர் பெயரை அடுத்துத் தந்தை பெயர் என்றொரு கட்டம் உண்டு. நமக்கு அது ஒரு நொடியில் நிரப்பும் கட்டம். தாயின் பெயரையே முன்னெழுத்தாகக் கொண்ட அக்குலத்துப் பிள்ளைகளுக்கோ அது மதில். புகழ்பெற்ற இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரிலுள்ள இரண்டாம் எழுத்து, அவருடைய தாயார் சண்முகவடிவைக் குறிப்பது என்பதை நாம் அறிவோம். எளிய குடும்பத்துச் சிறுமி ஒருத்தி அத்தகைய பெயரோடு விடுதி வாயிலில் நின்றபோது, அந்த ஓரெழுத்தே அவளைத் திருப்பி அனுப்பப் போதுமானதாக இருந்தது.

முத்துலட்சுமி அம்மையார் அச்சிறுமியரைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். கணவர் டாக்டர் சுந்தர ரெட்டி உடன்நின்றார். அவ்வீட்டிலிருந்து பிறந்ததே ஔவை இல்லம். பின்னர் அது அடையாற்றுக்குச் சென்று, பள்ளியும் பயிற்சியும் உள்ள நிலையமாக வளர்ந்தது. சாதியோ சமயமோ அங்கே சேர்க்கைக்குத் தடையாக இல்லை. பிற வாயில்களில் மறுக்கப்பட்டிருத்தலே அங்கே நுழைவுச் சீட்டாயிற்று. நாம் மேலே கண்ட பள்ளிகள் பலவும் ஒரு தத்துவத்திலிருந்து தோன்றி மாணவரைத் தேடின. ஔவை இல்லமோ வாயிலில் வந்து நின்ற பிள்ளைகளிலிருந்து தோன்றியது. புதிய கல்வி முறை எதையும் அது உலகுக்கு அறிவிக்கவில்லை. ஆயினும், முற்போக்குக் கல்வி என்னும் சொல்லுக்கு அடையாறு கண்ட சிறந்த பொருள் அவ்வில்லம்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்துக் கணக்கு

வங்கத்தில் தாகூர் 1901-இல் தொடங்கிய சாந்திநிகேதனத்தில் முஸ்லிம் மாணவர்கள் சேர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 1921-இல் அங்கே சேர்ந்து, பின்னாளில் வங்கமொழியின் சிறந்த எழுத்தாளராகத் திகழ்ந்த செய்யித் முஜ்தபா அலி அம்முதல் மாணவர்களுள் ஒருவர். மறுபுறம், 1920-இல் தோன்றிய ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் டாக்டர் ஜாகிர் உசேன் செயல்வழிக் கல்வியை நடைமுறைப்படுத்தினார். அதன் சிறுவர் விடுதியைத் தாயன்போடு பேணியவர் கெர்டா பிலிப்ஸ்பார்ன் என்னும் ஜெர்மானிய யூதப் பெண்மணி. முஸ்லிம்களின் பள்ளியில் யூதப் பெண்மணி விடுதித் தாயாக இருந்த வரலாறு நம்முடையது.

நம் சென்னையிலும் அத்தகைய பரந்த நோக்கு இல்லாமல் இல்லை. நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள், முஸ்லிம் பெண்கள் உயர்கல்வியின்றிப் பின்தங்கியிருந்த நிலை கண்டு, 1955-இல் தேனாம்பேட்டையில் பெண்கள் கல்லூரியை நிறுவினார்கள். நம் சமுதாயப் பெண்களை மனத்திற் கொண்டு தொடங்கப்பட்ட அக்கல்லூரி, எல்லாச் சமயப் பெண்களுக்கும் வாயில் திறந்து வைத்தது. மயிலாப்பூர்ப் பெண்ணும் கடலோர ஊர்களிலிருந்து வந்த முஸ்லிம் பெண்ணும் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்தனர். முன்னர் வாயிலில் நின்றவர்கள் வாயிலைக் காக்கும் பொறுப்பைப் பெற்றபோது எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

கல்வி தேடி வந்தவரை எவ்வாறு வரவேற்பது என்பதில் நமக்கு வழிகாட்டல் குறைவில்லை. மதீனாப் பள்ளிவாசலின் ஸுஃப்பாத் திண்ணை, வீடும் உறவும் இல்லாத ஏழைத் தோழர்கள் தங்கிப் பயின்ற இடம். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அத்திண்ணையிலிருந்து எழுந்தவர்களே. அதனினும் ஆழமான படிப்பினை 'அபஸ' என்னும் 80-ஆவது அத்தியாயத்தில் இருக்கிறது. குறைஷித் தலைவர்களோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்தபோது, கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அறிவு நாடி வந்தார்கள். அத்தலைவர்கள் நேர்வழி பெற்றால் பலரும் பெறுவர் என்ற நன்னோக்கமே பெருமானாருக்கு இருந்தது. ஆயினும், தேடி வந்த எளியவரை விட்டு முகம் திருப்பியதை இறைவன் சுட்டிக்காட்டினான். அதன்பின் பெருமானார் அப்பெரியாரைக் கண்ணியப்படுத்தியதையும், தாம் மதீனாவில் இல்லாத வேளைகளில் பொறுப்பாளராக அமர்த்தியதையும் வரலாறு கூறுகிறது. அப்பெரியாரும் தாயின் பெயராலேயே 'உம்மி மக்தூமின் மகன்' என்று அறியப்பட்டவர் என்பது கவனிக்கத்தக்கது.

செல்வாக்குள்ளவரின் பிள்ளையைச் சேர்த்தால் பள்ளி வளரும், பள்ளி வளர்ந்தால் ஏழைகளுக்கும் பயன்படும் என்று நாமும் நன்னோக்கத்தோடுதான் கணக்கிடுகிறோம். அந்தக் கணக்கின் மீதே அவ்வத்தியாயம் கேள்வி எழுப்புகிறது.

விலக்கும் பொறுப்பும்

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தொடக்கக் கல்விச் சேர்க்கையில் பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்வு செய்வதையும், நன்கொடை என்ற பெயரில் பணம் பெறுவதையும் அது தடுத்தது. நேர்காணல் நடத்தும் பள்ளிக்கு முதல் முறை 25,000 ரூபாய் வரை தண்டம் என்றது. வயதுச் சான்று இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றது. தனியார் பள்ளிகள் முதல் வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களையேனும் நலிந்த பிரிவினருக்கு அளிக்க வேண்டும் என்றது. ஆல்காட்டின் வாயிலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் வாயிலும் ஒன்றாக வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

அரசமைப்புச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, சிறுபான்மையோர் தங்கள் கல்வி நிலையங்களைத் தாங்களே நிறுவி நடத்தும் உரிமையை அளிக்கிறது. அதன் அடிப்படையில், அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 2012-இலும், உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் சேர்த்து 2014-இலும் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. 2025-இல் அந்நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அத்தீர்ப்பில் ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் ஆய்வுக்கு உரியதென்று கருத்துத் தெரிவித்தது. சட்டத்தின் முடிவு எதுவாயினும், நம்முன் உள்ள கேள்வி அதனால் தீர்ந்துவிடாது. 30-ஆவது பிரிவு அருமையான பாதுகாப்பு. அதை இழக்க நாம் ஒருப்படக் கூடாது. அதே வேளையில், எளியவரை உள்ளே கொண்டுவருவதற்காகப் பெற்ற உரிமை, எளியவரை வெளியே நிறுத்தும் விலக்காக நம் கையில் மாறிவிடவும் கூடாது.

நம் பள்ளிகளின் நிர்வாகிகளுக்கும் சேர்க்கை மேசையில் அமர்ந்திருப்போருக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் பெரிதன்று. ஒவ்வோர் ஆண்டும் சேர்ந்தவர் பட்டியலோடு, திரும்பிச் சென்றவர் பட்டியலையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெயரை வெளியிட வேண்டாம், காரணத்தை எழுதுங்கள். கட்டணம் கட்ட இயலாமையா, தாய் எழுத்தறியாதவள் என்பதா, தகப்பன் இல்லை என்பதா, பிள்ளை பேசவில்லை என்பதா, குடியிருக்கும் தெருவா? ஆண்டின் முடிவில் நிர்வாகக் குழு அந்நோட்டை ஒருமுறை படிக்கட்டும். இடமின்மையால் மறுத்தவை எத்தனை, மனமின்மையால் மறுத்தவை எத்தனை என்பது அப்போது விளங்கும். இடமின்மைக்கு நிதி திரட்டலாம்; கட்டிடம் எழுப்பலாம். மனமின்மைக்கு நாமே மருந்து.

பெற்றோருக்கும் ஒரு சொல். நம் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில், வேண்டாத பிள்ளைகள் அங்கே இல்லை என்பதையே பள்ளியின் சிறப்பாகப் பேசுகிறோம். 1930-இல் இரு விடுதிகளும் அச்சிறுமியரை மறுத்தபோது அவற்றின் மேலாளர்கள் அஞ்சியது யாருக்கு? தங்கள் பெண்களை எடுத்துச் சென்றுவிடுவோம் என்று சொல்லக்கூடிய பெற்றோருக்கே. வாயிலைக் காப்பவர் கையில் சாவி இருக்கலாம். அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதைப் பல வேளைகளில் உள்ளே இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரே தீர்மானிக்கின்றனர். எல்லாப் பிள்ளைகளோடும் தன் பிள்ளை படிக்கட்டும் என்று சொல்லும் தாய் தந்தையர் பெருகினால், சட்டம் வற்புறுத்தாமலே நம் பள்ளிகளின் வாயில் அகலும்.